காரின் கூரையிலும் ஒரு கான் இருக்கிறது



பதிவு கொஞ்சம் நீளம். பிளேன்டீ ஒன்றை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள். காரில் தொடங்கி மலையில் போய் நிற்கும் ஒரு வரலாறு இது. கடைசியில் வீட்டில் செய்யக்கூடிய ஒரு வேலையும் இருக்கிறது.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்தது. அதற்குப் பிறகு நம் டவுனிலும் கூரையில் கண்ணாடி வைத்த கார்களை அடிக்கடி பார்க்கிறோம். சன்ரூஃப் என்கிறோம். வெயில் காலம் முழுக்க அதில் ஒரு குறையும் தெரியாது. ஒக்டோபர் மழை இரண்டு நாள் பெய்ததும் சீட்டுக்குக் கீழே காபட் ஈரம், கூரைத் துணியில் பழுப்புக் கறை, கதவைத் திறந்தால் பூஞ்சண மணம். உடனே எல்லோரும் ரப்பரைக் குறை சொல்வார்கள். சுற்றிவரச் சிலிக்கன் பூசுவார்கள். அடுத்த மழைக்கும் காபட் நனையும்.

ஏனென்றால் பெரும்பாலும் ரப்பர் குற்றவாளி இல்லை. அசைந்து திறக்கும் ஒரு கண்ணாடியைத் தண்ணீர் துளியும் புகாமல் காலத்துக்கும் அடைத்து வைக்க முடியாது. காரைச் செய்தவர்களுக்கும் அது தெரியும். அதனால் ரப்பரைத் தாண்டி வரும் தண்ணீரைப் பிடிக்க, கண்ணாடியைச் சுற்றி ஒரு தட்டு வைத்திருக்கிறார்கள். தட்டின் மூலைகளில் பென்சில் மொத்தத்தில் ஓட்டைகள். ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் ஒரு மெல்லிய டியூப் காரின் தூணுக்குள்ளால் கீழே இறங்குகிறது. முன் டியூப் இரண்டும் முன் கதவுப் பக்கமாக வந்து முன் சில்லுக்குக் கிட்டத் தண்ணீரை விடும். பின் டியூப்கள் பின் சில்லுப் பக்கமாக விடும். தண்ணீர் உள்ளே வரட்டும், ஆனால் வந்த தண்ணீர் போகிற வழியும் இருக்கட்டும் என்பதுதான் அந்தக் கூரையின் கணக்கு.

இந்தக் கணக்கு பழையது. 1920களில் திறந்த கார்கள் குறைந்து மூடிய கார்கள் பெருகின. மூடிய காருக்குள் வெயிலும் காற்றும் வேண்டும் என்று கேட்டவர்களுக்காக இழுத்துத் திறக்கும் கூரை வந்தது. 1930களின் இங்கிலாந்து மொரிஸ், ஒஸ்டின் கார்களில் அதற்கு 'சன்ஷைன் ரூஃப்' என்று பெயர். அமெரிக்காவில் 1937இல் நாஷ் கம்பனி தொழிற்சாலையிலேயே பொருத்திக் கொடுத்தது. அன்றிலிருந்து இன்றுவரை கூரையின் அழகு எவ்வளவோ மாறிவிட்டது. தண்ணீருக்கு வழி விட வேண்டிய கட்டாயம் மாறவில்லை.

இப்போது நம் மலைக்கு வருவோம். தண்ணீரோடு மல்லுக்கட்டாமல் அதற்கு வழி வெட்டிக் கொடுக்கும் வேலையை ஊவாவில் பல தலைமுறையாகச் செய்து வந்திருக்கிறார்கள். தோட்டத்து மக்கள் அந்த வழியைக் 'கான்' என்பார்கள். வயலுக்கு அது வாய்க்கால், ரோட்டுக்கு வடிகான், வீட்டுக்குப் பீலி. பெயர்தான் வேறு. இவை எல்லாவற்றுக்கும் ஒரே வரலாறுதான்: வெட்டிய காலத்தில் வேலை செய்தது, துப்புரவாக்க ஆளில்லாத காலத்தில் கெட்டது.

முதலில் வயல் வாய்க்கால். கண்டி அரசர் காலத்தில் நிலம் வைத்திருந்தவர்கள் அரசனுக்கும் ஊருக்கும் உழைப்புக் கொடுக்க வேண்டும். அதுதான் இராஜகாரிய. அதில் கொடுமையும் இருந்தது. ஆனால் வாய்க்காலில் மண் அள்ளுவது, அணை திருத்துவது போன்ற ஊர் வேலைகளும் அந்தக் கட்டாயத்தின் நிழலில்தான் நடந்து வந்தன. கோல்புறூக் ஆணைக்குழு வந்து, 1832இல் ஆங்கில அரசு இராஜகாரியவை ஒழித்தது. கட்டாயம் போனது நல்லது. ஆனால் அதன் இடத்தில் வேறு ஏற்பாடு எதுவும் வைக்கப்படவில்லை. "நான் ஏன் வர வேண்டும்" என்று ஒருவர் கேட்டால், வரச் சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை. மேல் வயல்காரர் வராவிட்டால் கீழ் வயல்காரர் காய வேண்டியதுதான்.

இதைக் கண்டு எழுதியவர்களில் முக்கியமான ஒருவர் நம் மாவட்டத்தில்தான் இருந்தார். பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த ஜோன் பெய்லி, ஊவாவின் நீர்ப்பாசனம் பற்றி 1850களில் அறிக்கை கொடுத்தார். ஆளுநர் சேர் ஹென்றி வோர்ட் காலத்தில் 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் புதிதாக ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை. கிராமத்தின் பழைய வழமைகளுக்குச் சட்டத்தின் பலத்தைத் திருப்பிக் கொடுத்தது. யார் எந்தத் துண்டைத் துப்புரவாக்குவது, எப்போது தண்ணீர் திறப்பது என்பதை ஊரே கூடித் தீர்க்கலாம், தீர்த்ததை நடைமுறைப்படுத்தலாம் என்றாகியது. வாய்க்கால் வெட்டுவதற்கல்ல, வெட்டிய வாய்க்காலைத் துப்புரவாக வைத்திருப்பதற்கே ஒரு சட்டம் தேவைப்பட்டது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

ரோட்டுக்கும் இதே கதைதான். 1848இல் வந்த வீதிக் கட்டளைச் சட்டம், 18 முதல் 55 வயது வரையான ஆண்கள் வருடத்தில் 6 நாள் ரோட்டு வேலைக்கு வர வேண்டும், அல்லது காசு கட்ட வேண்டும் என்றது. அந்த வருடத்துக் கலகத்துக்கு இதுவும் ஒரு காரணம். சட்டம் நியாயமானதா என்பது வேறு பேச்சு. மலைநாட்டில் ரோட்டைப் போடுவதோடு வேலை முடியாது, வருடா வருடம் கை வைக்க வேண்டும் என்பதை அன்றே புரிந்துகொண்டிருந்தார்கள். நுவரெலியாவிலிருந்து வெலிமடை வழியாகப் பதுளைக்குப் போகும் ரோட்டில் மலைப்பக்கக் கானையும் மதகுகளையும் பாருங்கள். மதகு அடைத்தால் தண்ணீர் ரோட்டைக் கடந்து, பள்ளப் பக்கத்து மதிலைத்தான் முதலில் தின்னும்.

அடுத்தது தோட்டம். 1840இல் வந்த முடிக்குரிய காணிச் சட்டத்துக்குப் பிறகு மலைக்காடுகள் காப்பிக்காக விற்கப்பட்டன. காட்டை வெட்டி, எரித்து, செங்குத்தான சரிவிலும் கன்று நட்டார்கள். புல் ஒன்றும் இல்லாமல் களை பிடுங்கி வைப்பதுதான் நல்ல தோட்டம் என்று நினைத்த காலம் அது. மூடியிருந்த காடு போனதும் மேல் மண் மழையோடு போனது. அதைப் பார்த்துத்தான் மலைக்குக் குறுக்கே கான் வெட்டும் பழக்கம் தோட்டங்களில் வலுத்தது. 1873இல் இங்கிலாந்தின் கியூ தாவரத் தோட்டத்தைச் சேர்ந்த ஜோசப் ஹூக்கரின் ஆலோசனைப்படி, 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை விற்க வேண்டாம் என்று முடிவு வந்தது. அதற்குள் எவ்வளவோ மலை மொட்டையாகிவிட்டது.

காப்பியைக் கொன்ற இலை நோய் 1869இல் முதலில் காணப்பட்டது நம் பதுளை மாவட்டத்து மடுல்சீமையில். காப்பி போன மலைகளில் தேயிலை ஏறியது. 1890இல் தோமஸ் லிப்டன் ஹப்புத்தளைக்கு மேலே தம்பேதன்னையை வாங்கினார். 1924இல் ரயில் பதுளைக்கு வந்தது. பயிர் மாறியது, துரைமார் மாறினார்கள். ஆனால் மலை அதே மலை, மழை அதே மழை. கான் இல்லாமல் தேயிலையும் நிற்காது.

தோட்டத்துக் கான் எப்படி இருக்கும் என்று தெரியாத நம் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். மலையின் சரிவு நேராக இறங்கும். கான் அதற்குக் குறுக்கே, ஏறக்குறைய மட்டமாக ஓடும். 100 அடி போனால் ஓர் அடி கூட இறங்காத அளவுக்கு மெல்லிய சரிவு. கானுக்குள் இடைக்கிடை மண் பிடிக்கக் குழிகள். மேலிருந்து பாயும் தண்ணீர் கானில் விழுந்து வேகம் குறையும், மண்ணைக் குழியில் விட்டுவிடும், தெளிந்த தண்ணீர் மெதுவாக நடந்து போய்ப் பெரிய கானில் சேரும். பெரிய கான் கல் கட்டி ஓடையில் இறங்கும்.

சன்ரூஃப் தட்டும் டியூபும் இதே வேலையைத்தான் செய்கின்றன. தட்டு சேர்க்கிறது, டியூப் இறக்குகிறது. ஆபத்தும் ஒரே ஆபத்து. கான் என்பது ஒரு மலைப்பக்கத்துத் தண்ணீரை எல்லாம் ஓரிடத்தில் சேர்ப்பது. அது அடைத்துக்கொண்டால், பரவிப் போயிருக்க வேண்டிய தண்ணீர் முழுவதும் அடைத்த இடத்திலேயே உடைக்கும், அல்லது அங்கேயே நின்று மண்ணுக்குள் இறங்கும். அடைத்த கான், கானே இல்லாததை விட மோசம். அடைத்த தட்டும் அப்படித்தான். கூரை முழுவதிலும் விழும் மழையில் சேர்ந்ததை ஒரே மூலையில், உங்கள் தலைக்கு மேலே ஊற்றும்.

அதனால் கான் வெட்டு தோட்டத்தில் ஒரு தனி வேலை. கவ்வாத்து, முள்ளுக்குத்து போல அதுவும் ஆண்களின் வேலை. காலைப் பிரட்டில் கங்காணி ஆள் பிரிக்கும்போது கானுக்கும் ஆள் போகும். மண் அள்ளி மேல்பக்கம் போடுவார்கள். அந்த வேலைக்கு ஒரு பெயர் இருந்தது, ஒரு நாள் இருந்தது, சம்பளம் இருந்தது. செய்தவர்களுக்குக் கிடைத்த சம்பளமும் லயத்து வாழ்க்கையும் அநியாயமானவை. அதை மறைக்கக்கூடாது. இந்த மலைகள் நின்றது அந்தக் கைகளால் என்பதையும் மறைக்கக்கூடாது. நம் கடை, நம் வியாபாரம், நம் ரோடு எல்லாம் அந்த மலைகளுக்குக் கீழேதான் இருக்கின்றன.

பிறகு ஒவ்வொன்றாக மாறியது. 1948இல் தோட்ட மக்களின் குடியுரிமை போனது. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாகவும் 3,00,000 பேரை இலங்கை ஏற்பதாகவும் பிரித்தார்கள். ஆண்டுக்கணக்கில் ஆட்கள் ரயிலேறினார்கள். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுக்கு வந்தன. 1992இல் நிர்வாகம் 22 கம்பனிகளின் கைக்குப் போனது. ஆள் குறைந்து செலவு கூடும்போது எந்த நிர்வாகமும் முதலில் எதைத் தள்ளிப்போடும்? கொழுந்து பறிப்பதைத் தள்ளிப்போட முடியாது, அன்றே வருமானம் நிற்கும். கானைத் தள்ளிப்போடலாம். இந்த வருடம் மண் அள்ளாவிட்டால் இந்த வருடம் ஒன்றும் தெரியாது.

சட்டம் இல்லாமல் போகவில்லை. மண்ணரிப்பு பற்றிய குழுவின் அறிக்கை 1931இல் வந்தது. 1951இல் 25ஆம் இலக்க மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பசறையில் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் கிளை இருக்கிறது. கானை எப்படி வெட்டுவது என்று கேட்டால் அங்கே சொல்லித் தருவார்கள். அறிவுக்குக் குறை இருந்ததில்லை.

தோட்டத்தை மட்டும் சொல்லிவிட்டு நாம் தப்பிக்கவும் முடியாது. 1967இல் உருளைக்கிழங்கு இறக்குமதி தடைப்பட்ட பிறகு வெலிமடை, கெப்பெட்டிபொல, ஊவா பரணகமப் பக்கமெல்லாம் சரிவுகளில் கிழங்கும் மரக்கறியும் ஏறின. நம் குடும்பங்கள் அதில் தலையெடுத்தன. ஆனால் பாத்தியை மேலிருந்து கீழாக இழுத்தால் ஒவ்வொரு பாத்தி இடுக்கும் ஒரு கான், அதுவும் பிழையான திசையில் ஓடும் கான். அந்த மண் உமா ஓயாவில் இறங்கி ரந்தெம்பை நீர்த்தேக்கத்தில் படிகிறது. 1990இல் வேலை தொடங்கிய அந்த நீர்த்தேக்கம் மண் நிரம்புவதற்கு உமா ஓயா கொண்டுவரும் மண் பெரிய காரணம் என்று பொறியியலாளர்கள் சொல்லி வருகிறார்கள். நாம் உரம் போட்டு வளர்த்த மண் அது.

இப்போது 2014 ஒக்டோபர் 29. கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டம், காலை வேளை. பிள்ளைகள் பலர் பாடசாலைக்குப் போயிருந்தார்கள். மலை இறங்கி லயங்களை மூடியது. பாடசாலையிலிருந்து திரும்பிய பிள்ளைகளில் சிலருக்கு வீடும் இல்லை, வீட்டில் இருந்தவர்களும் இல்லை. பல உடல்கள் எடுக்கப்படவே இல்லை. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் அந்த இடம் ஆபத்தானது என்று எச்சரித்திருந்தது. அந்த மலை, பழைய மண்சரிவொன்று விட்டுப் போன தளர்ந்த மண்ணின் மேல் இருந்தது. கடும் மழை பெய்தது. மேலே விழும் தண்ணீரை ஒழுங்காக வெளியே எடுக்கும் வடிகால் இல்லாததும் காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது.

தண்ணீர் மலையை எப்படித் தள்ளுகிறது என்பதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கச் சொல்லலாம். மண் துணிக்கைகள் ஒன்றையொன்று அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்பதால்தான் சரிவு நிற்கிறது. இடைவெளிகளில் தண்ணீர் நிரம்பினால் அது துணிக்கைகளை விலக்கப் பார்க்கும். பிடி தளரும். அதோடு மண்ணின் பாரமும் கூடும். பிடி குறைந்து பாரம் கூடினால் மலை நிற்காது. அதனால்தான் மண்சரிவைத் தடுக்க வரும் பொறியியலாளர் மதில் கட்டுவதற்கு முன்பே தண்ணீரைப் பார்க்கிறார்.

பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் பதுளுசிரிகம என்ற இடம் இருக்கிறது. அங்கே மெதுவாக நகர்ந்துகொண்டிருந்த சரிவில், ஜப்பானிய உதவியோடு தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் வேலை செய்தது. மேலே கான் கட்டி, மலைக்குள்ளே ஓட்டைக் குழாய்களைக் கிடையாகச் செலுத்தித் தண்ணீரை வெளியே எடுத்தார்கள். மலையின் வயிற்றுக்குள் வைத்த டியூப் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குழாய்களிலும் நாளாக ஆக மண்ணும் பாசியும் அடைக்கும். அவற்றையும் கழுவ வேண்டும். எவ்வளவு உயர்ந்த தொழில்நுட்பம் வந்தாலும் துப்புரவு வேலை மனிதனை விட்டுப் போவதில்லை.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலைப் பார்த்தோம். நாடு முழுவதும் 600க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில்தான் மண்சரிவின் அடி பலமாக விழுந்தது. அப்படிப்பட்ட மழைக்கு எந்தக் கானும் தாங்காது, உண்மை. அந்த நேரத்தில் செய்ய வேண்டியது எச்சரிக்கையைக் கேட்டு வீட்டை விட்டு வெளியேறுவதுதான். ஆனால் புயல் வராத வருடங்களிலும் மழை வருகிறது. சாதாரண மழையைக் கான் தாங்கினால், மலைக்குள் வருடா வருடம் இறங்கும் தண்ணீராவது குறையும்.

சரி, வேலைக்கு வருவோம். நம் பக்கத்துக்குத் தென்மேற்கு மழை குறைவு. ஜூன் முதல் செப்டெம்பர் வரை காய்ந்த காற்றுத்தான். அந்தக் காற்றில்தான் சவுக்கு இலை, டர்பன்டைன் இலை, சைப்ரஸ் தூள் எல்லாம் பறந்து தட்டிலும் பீலியிலும் கானிலும் விழுகின்றன. ஒக்டோபர் மழை அவற்றை நனைத்துக் களியாக்கி அடைக்கிறது. ஆகவே நமக்குச் சரியான மாதம் செப்டெம்பர்.

காரின் கூரையைத் திறங்கள். தட்டில் இருக்கும் இலையையும் தூசியையும் கையால் எடுத்து, ஈரத்துணியால் துடையுங்கள். முன் மூலைகளில் ஓட்டைகளைத் தேடுங்கள். அரைக் கிளாஸ் தண்ணீரை மெதுவாக ஊற்றி, ஒருவரைக் கீழே பார்க்கச் சொல்லுங்கள். கொஞ்ச நேரத்தில் முன் சில்லுக்குக் கிட்ட ஒழுக வேண்டும். இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பாருங்கள். ஒழுகாவிட்டால், புல் வெட்டும் மெஷினுக்குப் போடும் நைலோன் நூலை ஒரு பாகம் எடுத்து, நுனியை நெருப்பில் காட்டி உருண்டையாக்கி, மெதுவாக உள்ளே விட்டு அசையுங்கள். முட்டினால் பலம் போட வேண்டாம். கம்பி விட்டால் டியூப் கிழியும். சில்லுக்குக் காற்றடிக்கும் மெஷினால் முழு வேகத்தில் அடித்தால், தூணுக்குள்ளே டியூப் கழன்றுவிடும். பிறகு கூரைத் துணியையே கழற்ற வேண்டி வரும். தூணின் மூடியையும் நீங்களாகக் கழற்றாதீர்கள், பல கார்களில் அதற்குள் எயார்பேக் இருக்கிறது. அடைப்பு எடுபடாவிட்டால் கராஜுக்குக் கொண்டு போங்கள். காபட் நனைந்திருந்தால் தூக்கிக் காய வையுங்கள். சில கார்களில் காபட்டுக்குக் கீழே வயரும் எலக்ட்ரோனிக் பெட்டிகளும் இருக்கின்றன. அவற்றுக்குள் தண்ணீர் போனால் செலவு பெரிது.

சன்ரூஃப் இல்லாதவர்கள் வைப்பருக்குக் கீழே பாருங்கள். அங்கும் இலை சேர்ந்து அடைக்கும் ஒரு கான் இருக்கிறது.

அதே சனிக்கிழமை வீட்டுப் பீலி, வளவுக்குப் பின்னால் மலைப்பக்கக் கான், ஒழுங்கையின் மதகு. குருத்தலாவையிலோ சில்மியாபுரவிலோ டவுனிலோ, மேல் வீட்டுக்காரரின் கானில் அடைப்பது கீழ் வீட்டுக்காரரின் சுவரில்தான் தெரியும். 1832க்குப் பிறகு வயலுக்கு நடந்தது அதுதான். யாருடைய வேலை என்று எழுதி வைக்காத வேலை யாருடைய வேலையுமில்லை. ஆகவே ஒழுங்கைக்கு ஒரு பட்டியல் போடுங்கள். எந்தத் துண்டு யாருக்கு, எந்தச் சனிக்கிழமை. முடியாத வீட்டுக்கு யார் செய்வது என்பதையும் எழுதுங்கள். வயதான உம்மா தனியாக இருக்கும் வீட்டுக் கானுக்கு இளைஞர்கள் போங்கள். தோட்டத்து எல்லையில் இருப்பவர்கள், மேலே கான் அடைத்திருந்தால் படம் எடுத்துத் தோட்ட நிர்வாகத்துக்கும் கிராம சேவகருக்கும் எழுத்தில் கொடுங்கள். திகதியைப் போடுங்கள்.

நிலத்தில் புதிய வெடிப்பு, சரியத் தொடங்கிய மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, திறக்க முடியாமல் இறுகும் கதவு. இவற்றைக் கண்டால் மண்வெட்டியை வைத்துவிட்டு வெளியே வாருங்கள். அது கான் துப்புரவாக்கும் நேரமல்ல.

உங்கள் ஒழுங்கைப் பட்டியலைக் கொமன்ட்டில் போடுங்கள். மற்ற ஒழுங்கைகளும் பார்க்கட்டும்.